குறுகிய பட்டியல்: வட சென்னைக் கைபேசிப் படங்களும் மங்கலாக்கப்படும் முகங்களும்

1. கேள்வியின் களம்

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்து மக்களை அமோனியாவின் நெடி தூக்கத்திலிருந்து எழுப்பியது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாளாமல் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கைபேசிக் காட்சிகள் வெகு விரைவில் ஊரைத் தாண்டிப் பரவின. ஆலைக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. போராட்டப் பந்தலும் நாள்தோறும் படமாயிற்று.

ஒரே நிகழ்வின் படங்கள்தாம். ஆனால், அவற்றில் இடம்பெறக்கூடியவர்களின் நிலை ஒன்றல்ல. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவர் நோயாளி. பந்தலின் நடுவில் அமர்ந்திருக்கும் பெண், அரசிடம் கோரிக்கை வைக்கும் குடிமகள். ஓரத்தில் நிற்கும் இளைஞர் பக்கத்து ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். மடியில் கிடக்கும் குழந்தைக்கு இதில் எதையும் தீர்மானிக்கும் வயதில்லை. இந்த நால்வருக்கும் ‘முகத்தை மறைத்துவிடு’ என்ற ஒரே விதியைப் பொருத்த முடியுமா?

மங்கலாக்கல் இன்று விரல்நுனி வேலை. பல கைபேசிகளின் படத் திருத்தியிலேயே மொசைக் தூரிகை இருக்கிறது. சில செயலிகள் முகங்களைத் தாமே கண்டுபிடித்து மறைத்துத் தருகின்றன. இந்த எளிமையே, மறைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணத்தையும் வளர்த்திருக்கிறது. இக்கட்டுரை ஆராய்வது அந்த எண்ணத்தை: முகத்தை மங்கலாக்குவது யாரை, யாரிடமிருந்து, எந்த அளவுக்குக் காக்கிறது?

முன்வைக்கப்படும் வாதம் இது. மங்கலின் வலிமை, படத்தைப் பார்ப்பவர் கையில் உள்ள பெயர்ப் பட்டியலின் நீளத்தைப் பொறுத்தது. நாட்டு மக்கள் அத்தனை பேரிலும் ஒருவரைத் தேடுபவருக்கு மங்கிய முகம் பெரும் தடை. இந்த நூறு பேரில் ஒருவர் என்று தெரிந்து தேடுபவருக்கு அது பெயரளவுக்கான தடை மட்டுமே. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியில் ஆபத்து பெரும்பாலும் குறுகிய பட்டியல்களிலிருந்தே வருகிறது.

2. இதுவரையிலான இரு நிலைப்பாடுகள்

முதல் நிலைப்பாடு மனித உரிமைப் பதிவுப் பணியிலிருந்து வந்தது. காணொளி வழியே உரிமை மீறல்களை ஆவணப்படுத்தும் ‘விட்னஸ்’ அமைப்பும் ‘கார்டியன் புராஜெக்ட்’ என்ற மென்பொருள் குழுவும் இணைந்து 2011இல் ‘ஆப்ஸ்கியூராகேம்’ செயலியை வெளியிட்டன. படத்தில் உள்ள முகங்களை மறைப்பதும், படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் முதலிய விவரங்களை நீக்குவதும் அதன் வேலை. 2012 ஜூலையில் யூடியூப் முகம் மங்கலாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து அமெரிக்கத் தெருக்கள் நிரம்பியபோது, சிக்னல் செயலி அதே வசதியைத் தன் பயனர்களுக்கு அளித்தது. படத்தை வெளிச் சேவையகத்துக்கு அனுப்பாமல் கைபேசிக்குள்ளேயே மறைத்தது அதன் சிறப்பு. பெருநிறுவனங்கள் இதே உத்தியைச் சட்டச் சிக்கலைத் தவிர்க்கப் பயன்படுத்தின. கூகுளின் தெருக்காட்சி 2008இல் முகங்களை மங்கலாக்கத் தொடங்கியது. 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களுக்கு அச்சேவை வந்தபோதும் முகங்களும் வண்டி எண்களும் மங்கலாகவே வந்தன.

இரண்டாம் நிலைப்பாடு இதழியலிலிருந்தும் ஆவணக் கலையிலிருந்தும் வருகிறது. முகம் சாட்சியம், அதை அழித்தால் துயரம் யாருடையதும் அல்லாததாகிவிடும் என்பது இவர்களின் கவலை. வட சென்னையில் இந்தக் கவலைக்குக் கூடுதல் கனம் உண்டு. தமிழ்த் திரைப்படம் இப்பகுதியின் முகத்தை நெடுங்காலம் ரவுடியின் முகமாகவே காட்டிவந்தது. ‘மெட்ராஸ்’ (2014), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) போன்ற படங்கள் அந்தச் சட்டகத்தை உடைக்க முயன்றவை. ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் ‘பாரி’ இணையதளத்தின் ஒளிப்படக் கலைஞருமான எம். பழனிகுமார், வட சென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துப் பயிற்சி அளித்திருக்கிறார். தம் தெருவைத் தாமே படமெடுக்கும் பிள்ளையிடம் போய் ‘எல்லா முகத்தையும் மறை’ என்றால், வெளியார் மறுத்த முகத்தை மறுபடியும் மறுப்பதாகவே அது முடியும்.

இரு தரப்புக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. படமெடுப்பவரும் பார்ப்பவரும் என்ன செய்ய வேண்டும் என்பதையே இரண்டும் பேசுகின்றன. படத்தில் இருப்பவர் யாருக்கு அஞ்சுகிறார் என்ற கேள்வி பின்னால் தள்ளப்படுகிறது.

3. சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கம் பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனையின் முக்கியத் திருப்பம் ஒன்று சென்னையிலிருந்து போன வழக்கில் நிகழ்ந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முனைந்தபோது எழுந்த ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்து விடப்படும் உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது அத்தீர்ப்பு. ஒருவருடைய சொந்த வாழ்வு பற்றி அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை. அரசு அதிகாரிகள் தங்கள் பணி சார்ந்த செயல்களுக்கு இந்தத் திரையைப் பிடித்துக்கொள்ள முடியாது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒருமனதாக உறுதிசெய்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரிசையில் அடுத்தது. முகம் தெரியும் டிஜிட்டல் படம் அதன் பார்வையில் தனிநபர் தரவு. ஆனால், தனிப்பட்ட அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒரு தனிநபர் கையாளும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. குப்பத்து இளைஞர் தம் தெரு வாட்ஸாப் குழுவில் போடும் படம் வீட்டுப் பயன்பாடா? அதே படத்தை ஒரு போராட்டக் குழு தன் பக்கத்தில் வெளியிட்டால்? இதற்குத் தெளிவான விடை சட்டத்தில் இல்லை. இதழியலுக்கெனத் தனி விலக்கும் இல்லை. மறுபுறம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சொல்லி அரசு தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்துக்கொள்ள 17ஆம் பிரிவு இடம்தருகிறது.

ஆக, தெருவில் படமெடுப்பவரின் பொறுப்பு தெளிவற்றும், காவல் கேமராவுக்கான விலக்கின் வழி தெளிவாகவும் இருக்கும் நிலை. மங்கலாக்கல் பற்றிய விவாதம் இந்தச் சமனின்மைக்குள்தான் நடக்கிறது.

4. மங்கல் எதை மறைக்கிறது

தொழில்நுட்ப அளவில் மூன்று முறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக்கல், ஒவ்வொரு படப்புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளோடு கலந்து சராசரியாக்குகிறது. மொசைக், ஒரு கட்டத்துக்குள் உள்ள புள்ளிகளுக்கெல்லாம் ஒரே நிறம் கொடுக்கிறது. இரண்டிலும் முகத்தின் தகவல் குறைகிறதே தவிர முற்றாக அழிவதில்லை. மூன்றாவது, முழு அடர்த்தியுள்ள கறுப்போ வேறு நிறமோ கொண்டு மூடி, அடுக்குகளைச் சேர்த்து ஒரே படமாகச் சேமிப்பது. இதில்தான் மூடிய பகுதியின் தகவல் படத்தை விட்டு நீங்குகிறது.

சுழற்றியோ முறுக்கியோ சிதைப்பது இவற்றிலும் பலவீனமானது. குழந்தைகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய ஒருவர் தம் முகத்தைச் சுழல் வடிவில் சிதைத்துப் படங்களை இணையத்தில் பரப்பியிருந்தார். ஜெர்மன் காவல்துறையினர் அந்தச் சுழலைத் திருப்பிச் சுற்றி முகத்தை மீட்டார்கள். 2007 அக்டோபரில் இன்டர்போல் அதை வெளியிட்ட சில நாட்களில் அவர் தாய்லாந்தில் பிடிபட்டார். கணித விதிப்படி செய்த சிதைவைக் கணித விதிப்படி அவிழ்க்கலாம் என்பதற்கு இதைவிடப் புகழ்பெற்ற சான்று இல்லை.

மங்கலின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனால் பாதுகாப்பானதும் இல்லை. 2016இல் மெக்ஃபெர்சன், ஷொக்ரி, ஷ்மாட்டிகோவ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, யூடியூபின் மங்கலையும் மொசைக்கையும் தாண்டி நரம்பு வலைப்பின்னல் மென்பொருளால் ஆட்களை அடையாளம் காண முடிந்ததைக் காட்டியது. இந்த ஆய்வை ‘மங்கிய முகத்தை மீட்டுவிட்டார்கள்’ என்று சுருக்குவது தவறு. மென்பொருள் முகத்தைத் திரும்ப வரையவில்லை. யார் யாராக இருக்கக்கூடும் என்ற பட்டியலும் அவர்களுடைய தெளிவான படங்களும் அதற்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. மங்கிய படம் பட்டியலில் எவரோடு பொருந்துகிறது என்று மட்டும் அது சொன்னது. குறுகிய பட்டியல் வைத்திருப்பவருக்கே இந்த உத்தி பயன்படும்.

பட்டியல் இல்லாமல் முகத்தை ‘மீட்க’ முயன்றால் என்னாகும் என்பதை 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ‘பல்ஸ்’ மென்பொருள் காட்டிக்கொடுத்தது. மொசைக் ஆக்கப்பட்ட பராக் ஒபாமாவின் படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையர் முகத்தைத் தந்தது. படத்தில் இல்லாத விவரத்தைத் தான் பழகிய முகங்களிலிருந்து எடுத்து நிரப்பியதன் விளைவு. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ‘தெளிவாக்கி’, கிடைத்த முகத்தை ஒரு தெருவின் மேல் சுமத்தினால் தொடர்பே இல்லாத ஒருவர் சிக்கிக்கொள்வார். மறைப்பு தோற்பதைப் போலவே, தோற்றதாக நம்புவதும் ஆபத்து.

முகத்துக்கு வெளியே உள்ளவை இன்னொரு கதை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் தகவலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ‘முகமில்லா ஆள் அறிதல்’ ஆய்வில், தலை முழுதும் மறைக்கப்பட்டிருந்தாலும் உடல்வாகு, உடை, சூழல் ஆகியவற்றைக் கொண்டே ஆட்களை இனங்காண முடிந்தது. ஒருவருடைய சில படங்கள் முன்பே கைவசம் இருந்தால் போதும். கோப்புக்குள் பதிந்திருக்கும் இடவிவரமும் அப்படியே: வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும். 2023 மார்ச்சில் கூகுள் பிக்ஸல் கைபேசியின் படத் திருத்தியில் கண்டறியப்பட்ட குறை இதைவிட விசித்திரம். வெட்டி நீக்கியதாகப் பயனர் நினைத்த பகுதி கோப்பின் வாலில் எஞ்சியிருந்து, பிறரால் மீட்கப்படக்கூடியதாக இருந்தது.

5. வட சென்னையின் பட்டியல்கள்

சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று, சதுர கிலோமீட்டருக்கு 657 கண்காணிப்புக் கேமராக்கள் என்ற கணக்கில் சென்னையை உலக நகரங்களில் முதலிடத்தில் வைத்தது. ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் சென்னைக் காவல்துறை முன்னெடுத்த திட்டம் அதற்குப் பெரும் காரணம். 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருளை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். குற்றப் பதிவுகளில் உள்ள படங்களோடு களத்தில் எடுக்கும் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் ஊடுருவல் நடந்ததாகச் செய்தி வெளியானது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் கசிந்ததே காரணம் என்று காவல்துறை தரப்பில் விளக்கம் வந்தது. காவல்துறை வைத்திருக்கும் முகப்பட்டியல் காவல்துறையிடம் மட்டுமே இருக்கும் என்ற உறுதியும் அத்தோடு ஆட்டம் கண்டது.

இந்தப் பட்டியல்களுக்கு வயது அதிகம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதியும் முறையை எதிர்த்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அதே ஆண்டில் வந்த கைதிகள் அடையாளச் சட்டம் ஒரு நூற்றாண்டு நீடித்து, 2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்துக்கு இடம்விட்டது. கருவிழி, விழித்திரைப் பதிவு, ஒளிப்படம் ஆகியவற்றையெல்லாம் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்கப் புதிய சட்டம் வழிசெய்கிறது. ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்ற சொல் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் எவ்வளவு இயல்பாகப் புழங்குகிறது என்பது வாசகர்கள் அறிந்ததே. அந்தப் பதிவேடு காவல் நிலையம் வாரியாக வைக்கப்படுவது. அதாவது, குறுகிய பட்டியல்.

2020 பிப்ரவரி 14 இரவு, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பழைய வண்ணாரப்பேட்டையில் திரண்டவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. அதைத் தொடர்ந்து பெண்கள் முன்னின்று நடத்திய அமர்வுப் போராட்டம், கொரோனா பரவலால் மார்ச்சில் கைவிடப்படும் வரை நீடித்தது. டெல்லியில் அதே சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் பெயரால், சென்னையின் ஷாஹீன் பாக் என்று பத்திரிகைகள் அதை அழைத்தன. இராயபுரத்தை ஒட்டிய அத்தெருக்களின் பெண்கள் முகம் மறைக்காமல் கேமராக்களை எதிர்கொண்டார்கள். போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மார்ச் 11 அன்று, டெல்லிக் கலவரத்தில் தொடர்புடையவர்களாக 1,100க்கும் மேற்பட்டோரை முகம் அறியும் மென்பொருள் மூலம் கண்டறிந்திருப்பதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களும் ஒப்பீட்டுக்குப் பயன்பட்டதாக அவர் கூறினார். 80 விழுக்காடு ஒப்புமை இருந்தாலே பொருத்தமாகக் கொள்வதாக டெல்லிக் காவல்துறை பின்னாளில் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதிலளித்தது. வண்ணாரப்பேட்டைப் படங்கள் அப்படிப் பயன்பட்டன என்பதற்குப் பொதுவெளியில் சான்று இல்லை. எனினும், ஓர் அமைதிப் போராட்டத்தின் படம் வேறொரு நாளில், வேறொரு வழக்கில் எதற்குப் பயன்படலாம் என்ற அச்சம் வெறும் கற்பனை என்று அதன்பின் யாராலும் சொல்ல இயலவில்லை.

காவல்துறைக்கு வெளியேயும் பட்டியல்கள் உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளி வேலைக்குச் சேரும்போதே அவருடைய படம் ஒப்பந்தக்காரரின் கோப்புக்குப் போகிறது. ஒரு ஷிஃப்டில் இருப்பவர்கள் சில நூறு பேர். போராட்டப் பந்தலில் முகம் மங்கி, சீருடைச் சட்டை தெளிவாக நிற்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க மேற்பார்வையாளருக்கு மென்பொருளே தேவையில்லை. ஆலை வாயிலில் அடுத்த வாரம் அட்டை வேலை செய்யாமல் போனால், எந்தப் படம் காரணம் என்று நிரூபிக்கவும் வழியில்லை.

மீனவக் குப்பத்தில் அடையாளம் இன்னும் பரந்து கிடக்கிறது. ஃபைபர் படகின் பக்கவாட்டில் பதிவு எண் இருக்கிறது. படகின் பெயர், பூசிய நிறம், வலையின் வகை, பின்னால் தெரியும் கோயில் என ஒவ்வொன்றும் ஆளைச் சொல்லிவிடும். காசிமேட்டிலோ நெட்டுக்குப்பத்திலோ நிற்பவரின் முகத்தை மறைத்துப் படகை விட்டுவைத்தால், வெளியூர்க்காரர் மட்டுமே ஏமாறுவார்.

6. மறைத்தால் இழப்பாகும் முகங்கள்

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் இன்னும் அடர்த்தியாக மறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். எண்ணூரின் வரலாறு அதற்கு இடம்கொடுப்பதில்லை.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் பரவிய எண்ணெய்க் கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். கடல் பாதுகாப்பில் பெருமை பேசும் ஒரு நாட்டில் வாளிகளே துப்புரவுக் கருவியான காட்சி உலகம் முழுதும் போய்ச் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை அடைந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்கள் மறுபடியும் எண்ணெயில் கைவிட்டு அள்ளினார்கள். போதிய பாதுகாப்புக் கவசம் இல்லை என்பதைப் படங்களே சொல்லின. அரசு பின்னர் ரூ. 8.68 கோடி நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 12,500, பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா ரூ. 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ. 7,500.

இதுவும் ஒரு பட்டியல்தான். ஆனால், இதில் பெயர் இருப்பது ஆபத்தில்லை. இல்லாமல் போவதே ஆபத்து. எண்ணெய் படிந்த தம் படகோடு தாமே நிற்கும் ஒரு மீனவரின் படம், யார் பாதிக்கப்பட்டார் என்ற சச்சரவில் அவர் கையில் இருக்கக்கூடிய சில சான்றுகளில் ஒன்று. அந்த முகத்தையும் பதிவு எண்ணையும் நல்லெண்ணத்தோடு ஒரு தன்னார்வலர் மறைத்துவிட்டு, மூலப்படத்தைக் கைபேசியிலிருந்து அழித்தும் விட்டால், பாதுகாக்கப்பட்டவர் யாரும் இல்லை.

அதிகாரத்தில் இருப்போரின் முகம் வேறு வகை. 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் இறுதி நாளில், சீருடையில் இருந்தவர்கள் வாகனத்துக்குத் தீவைப்பதாகக் காட்டிய கைபேசிக் காட்சிகள் பெரும் விவாதத்தை எழுப்பின. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது வேன் மேல் நின்று குறிபார்த்த காவலரின் காட்சி, அன்றைய துப்பாக்கிச் சூடு பற்றிய எந்த அறிக்கையையும்விட ஆழமாக மனத்தில் பதிந்தது. ராஜகோபால் தீர்ப்பின் அளவுகோல்படி இவை பணி சார்ந்த செயல்கள். அந்தரங்கத் திரை இங்கே பொருந்தாது. படத்தில் உள்ள எல்லா முகங்களையும் தானே மறைக்கும் செயலிக்கு இந்த வேறுபாடு தெரியாது. சுடுபவரையும் சுடப்படுபவரையும் அது ஒன்றுபோல் மங்கலாக்கும்.

மூன்றாவது இழப்பு நுட்பமானது. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளில் மங்கிய முகம் இரண்டு பேருக்கே உரியதாகப் பழகிவிட்டது: குற்றம் சாட்டப்பட்டவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர். போராடும் பெண்ணின் முகத்தை மங்கலாக்கினால் அவர் இவ்விருவரில் ஒருவராக வாசிக்கப்படும் வாய்ப்பு உண்டு. முரண் என்னவென்றால், உண்மையில் மறைக்கப்பட வேண்டியவர்கள் பலர் மறைக்கப்படுவதில்லை. கைதான இளைஞர்கள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் தமிழ்ச் சமூக ஊடகங்களில் ஆண்டுக்கணக்காகக் கேலிப்பொருளாகச் சுற்றுகின்றன. விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதும் படங்கள் அவை. காவல்துறை ஊடகங்களிடம் பேசும் முறை பற்றி வழிகாட்டி நெறிகளை வகுக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதும் வழக்கத்தின் பின்னணியில்தான்.

7. குழந்தைகள்: சட்டம் கோடு போட்ட இடம்

ஓரிடத்தில் சட்டம் தயக்கமில்லாமல் பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை, பராமரிப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்துக்கு ஆளான அல்லது அதற்குச் சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடைவிதிக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அவ்வாறே. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: பெயரையும் முகத்தையும் மறைத்தால் மட்டும் போதாது, ஆளைத் தொலைவிலிருந்தேனும் இனங்காட்டக்கூடிய எந்த விவரமும் வெளிவரக் கூடாது என்றது. மங்கலாக்கும் கருவிகள் கவனிக்காமல் விடும் அதே இடத்தை, சூழல் என்ற இடத்தை, நீதிமன்றம் கவனித்திருக்கிறது.

2020 ஜூனில் இராயபுரத்தில் உள்ள அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா தொற்று உறுதியானபோது உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தக் குழந்தைகள் 74ஆம் பிரிவின் பாதுகாப்புக்குள் வருபவர்கள். 2024 அக்டோபர் 25ஆம் தேதி திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயுக் கசிவு எனச் சந்தேகிக்கப்பட்ட நிகழ்வில் மாணவிகள் மயங்கி விழுந்தது வேறு வகை. பள்ளி மீண்டும் திறந்த நவம்பர் 4 அன்றும் அதே நேர்ந்தது. பெற்றோர் கொதித்தார்கள், மாணவிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் காட்சிகள் பரவலாக வெளியாயின. பாதுகாப்பு விதி இவர்களையும் உள்ளடக்குமா என்பது, நடந்தது குற்றமா விபத்தா என்ற விடையைப் பொறுத்தது. படம் பரவுவதோ அந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. சீருடையின் நிறமும் தெருவின் பெயரும் தெரிந்த நிலையில், மயங்கிய சிறுமியின் முகத்தை மட்டும் மறைத்தால் அவள் வகுப்பில் யாருக்கும் அவள் மறைந்தவள் ஆகமாட்டாள். ஸ்ட்ரெச்சரை விட்டுப் பள்ளி வாயிலையும் பெற்றோர் கூட்டத்தையும் காட்டுவதில் செய்தி எதையும் இழக்காது.

8. கருவியிலிருந்து முடிவுரிமைக்கு

மேலே கண்டவற்றிலிருந்து சில நடைமுறை விளைவுகள் பிறக்கின்றன. மூலப்படமும் வெளியிடும் படமும் இரு வேறு பொருள்கள். மூலப்படம் அழிக்கப்படாமல், படத்தில் இருப்பவரோ ஊர் நிர்வாகமோ நம்பும் ஒருவரிடம் இருக்க வேண்டும். இழப்பீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ தேவைப்படுவது அதுவே. வெளியிடும் படியில் மறைக்க முடிவுசெய்தால் மங்கலை விட முழு அடர்த்தி மூடலே ஏற்றது; அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் பழைய அடுக்குகளும் இடவிவரமும் உடன் போகா. முகத்தை மூடும் கை, சட்டையில் உள்ள ஆலைப் பெயரையும் அடையாள அட்டையையும் படகு எண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். சில வேளைகளில் மறைப்பதைவிட வேறு கோணத்தில் எடுப்பது நல்லது: எண்ணெய் படிந்த கைகளும் வாளியும், ஆளைக் காட்டாமலேயே நிகழ்வைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் கருவி பற்றிய அறிவுரைகள். இவற்றுக்கு முன் வரவேண்டியது கேட்பது. ‘படம் எடுக்கலாமா?’ என்ற கேள்வி போதாது. ‘இதை யார் பார்த்தால் உங்களுக்குச் சிக்கல்?’ என்பதே பட்டியலை வெளிக்கொணரும் கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளி மேற்பார்வையாளர் என்பார். ஒரு பெண் மாமியார் வீடு என்று சொல்லக்கூடும். படகுக்காரர் யாருமில்லை, பெயரையும் போடுங்கள் என்று சொல்லவும் கூடும். மூவர் நிற்கும் ஒரே படத்தில் ஒரு முகம் மூடப்பட்டும், ஒன்று மூடப்படாமலும், ஒருவர் வெட்டி நீக்கப்பட்டும் வெளிவருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. பேரிடர் இரவில், எல்லோரும் ஓடும்போது, இதைக் கேட்க நேரம் இருக்காது என்ற மறுப்பு நியாயமானது. எடுக்கும் நேரம் வேறு, வெளியிடும் நேரம் வேறு என்பதே அதற்கான பதில். முதலாவதற்கு இல்லாத அவகாசம் இரண்டாவதற்குப் பெரும்பாலும் உண்டு.

தனிநபர் எடுக்கும் இந்தக் கவனம் எவ்வளவு தூரம் போகும் என்பது கண்காணிப்பின் அளவைப் பொறுத்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டும். ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் தொழிலாளர் படங்கள் அப்போது சட்டத்தின் பார்வைக்குள் வரும்; எதற்காக எடுத்தார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று கேட்கத் தொழிலாளிக்கு ஓர் அடிப்படை கிடைக்கக்கூடும். காவல்துறையின் முகப்பட்டியலுக்கு 17ஆம் பிரிவு விலக்கு பயன்படுத்தப்பட்டால் அதே கேள்வியை அங்கே கேட்க முடியாமல் போகும். முகம் அறியும் மென்பொருளை எப்போது, யார் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இயற்றப்படவில்லை. அதுவரை, எண்ணூரில் அடுத்த கசிவின்போது எடுக்கப்படும் படங்களில் எந்த முகம் வெளியே போகலாம் என்ற முடிவு, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களும் கைபேசியை வைத்திருப்பவரும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதாகவே இருக்கும்.